வேட்புக்கு முந்திய வாக்கு

வேட்புமனு அளிப்பதற்குரிய இறுதி நாளன்று பிற்பகல் மூன்று மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையை ஒரு தாள் சென்றடைய வேண்டும். ‘பி’ படிவம் என்பர். இன்னாரே எம் கட்சியின் வேட்பாளர், எம் சின்னம் இவருக்கே உரியது என்று கட்சித் தலைமையின் அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்டு அனுப்பும் தாள் அது. தொகுதி வாக்காளர் ஒருவருடைய கையொப்பமும் அதற்கு வேண்டியதில்லை. சட்டம் இன்னொரு சலுகையையும் தருகிறது. சுயேச்சையாக நிற்பவரைத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும்; அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கோ ஒருவர் போதும். கட்சியானது தன் உறுப்பினரைக் கலந்து, தகுதியை ஆராய்ந்து, அதன் பிறகே ஒருவரை நிறுத்தியிருக்கும் எனச் சட்டம் நம்புகிறது போலும். அந்த நம்பிக்கைக்கு யாதொரு அடிப்படையும் இல்லை.

கோவில்பட்டிக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில், பசுவந்தனை போன்ற ஊர்களில், சட்டமன்றத் தேர்தல் எவ்வாறு தொடங்குகிறது என்பதைக் கண்டவர் அறிவர். முதலில் விருப்ப மனு. அதற்குக் கட்டணம். பின்னர், சென்னையில் நேர்காணல் என்ற அழைப்பு. உடன் செல்லும் ஒன்றியச் செயலாளர்கள் வாயிலிலேயே நிற்பார்கள். உள்ளே கேட்கப்படுவன பெரும்பாலும் இரண்டே: எவ்வளவு செலவு செய்வீர், தொகுதியில் உம் சமுதாயத்தார் எத்தனை பேர்? மானாவாரி உளுந்துக்குப் பயிர்க்காப்பீடு வந்து சேர்ந்ததா, மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்ற ஆண்டில் எங்கே இருந்தீர் என்று கேட்கக்கூடிய மனிதர்கள் அவ்வறைக்கு அறுநூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார்கள். ஒரு நாள் பட்டியல் வெளியாகும். ஊரார் தம் வேட்பாளரைத் தொலைக்காட்சியில்தான் முதன்முதலாகக் காண்பர். 2016 ஏப்ரல் 4ஆம் நாள் அ.இ.அ.தி.மு.க. தலைமை 227 பெயர்களை ஒரே மூச்சில் வெளியிட்டது. அடுத்த சில நாள்களிலேயே அவற்றுள் சில மாறின. சேர்த்ததற்கும் காரணம் சொல்லப்படவில்லை, நீக்கியதற்கும் சொல்லப்படவில்லை. பிற கட்சிகளில் நடைமுறையின் ஓசை வேறு. முடிவெடுக்கும் கை மேலிடத்துக் கையே. எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பாராமல் விலை பேசுவார் எவருமிலர். ஐந்தாண்டுக்கு ஆள வருபவரை மட்டும் இம்மக்கள் பாராமலே ஏற்றாக வேண்டியிருக்கிறது.

மேலிருந்து நிறுத்தப்பட்டவர் மேலிடத்துக்கே கடமைப்பட்டவர். இதன் விளைவை இவ்வட்டாரம் நேரிலேயே கண்டது. 2017 செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களுள் ஒட்டப்பிடாரத்தின் உறுப்பினர் ஒருவர், விளாத்திகுளத்தின் உறுப்பினர் ஒருவர். அ.இ.அ.தி.மு.க. தலைமைக்குள் எழுந்த பிளவில் ஒரு பக்கம் நின்று, முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்தது சரியா தவறா என்பது வேறு வழக்கு. உயர்நீதிமன்றம் 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றது. நாம் கேட்பது ஒன்றே: அப்பிளவில் கரிசல் காட்டு உழவனுக்கு என்ன பங்கு? ஆயினும் விளாத்திகுளமும் ஒட்டப்பிடாரமும் 2019 மே 23 அன்று இடைத்தேர்தல் முடிவு வெளியாகும் வரை பேரவையில் பேச ஆளின்றிக் கிடந்தன. அரசியலமைப்பு கட்சிகளைப் பற்றி முதன்முதலாக வாய்திறந்தது 1985இல், பத்தாம் அட்டவணையில். உறுப்பினரைக் கட்சிக்குக் கட்டிப்போடுவதற்காகத் திறந்த வாய் அது. அக்கட்சியை அதன் தொண்டருக்குக் கட்டுப்படுத்த இன்றளவும் திறக்கவில்லை.

வேட்பாளரையே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது அமெரிக்கர்களின் வழக்கம், நம் மண்ணுக்கு ஒவ்வாதது என்பார் பலர். அவர்கள் நம் வரலாற்றை மறந்தவர்கள். 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில், காந்தியடிகளின் உண்ணாநோன்புக்கிடையே கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அத்தகைய முதனிலைத் தேர்தலை எழுத்திலேயே வகுத்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்ற உரிமையை அம்பேத்கர் விட்டுக்கொடுத்தபோது, ஈடாகக் கிடைத்தவற்றுள் ஒன்று அது. தனித்தொகுதி ஒவ்வொன்றிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் முதலில் கூடி வாக்களிப்பர். முதல் நான்கு இடம் பெற்றவர்களே பொதுத்தேர்தலில் நிற்கலாம். அந்நால்வருள் ஒருவரை அனைத்து வாக்காளரும் தேர்ந்தெடுப்பர். இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையொப்பமிட்ட ஆவணம் இது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 30 இவ்வழியில் ஒதுக்கப்பட்டன.

குறையற்ற ஏற்பாடன்று அது. 1945 டிசம்பரில் நடந்த முதனிலைத் தேர்தல்களைச் சுட்டி, அடுத்த ஆண்டில் பிரிட்டனின் அமைச்சரவைத் தூதுக்குழுவின் முன் அம்பேத்கர் வைத்த முறையீடு இதுவே: தம் மக்களின் வாக்கில் முந்தி நின்றவர் இறுதித் தேர்தலில் பெரும்பான்மையோர் வாக்கால் வீழ்த்தப்படுகிறார், அம்மக்கள் பின்தள்ளியவர் அவர்களுடைய பேராளராகச் சபைக்குச் செல்கிறார். முதல் வாக்கு உண்டு, ஆனால் அதற்கு எடை இல்லை. பத்தாண்டில் முடியும் என ஒப்பந்தமே வரையறுத்திருந்த அம்முறை குடியரசின் அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. இட ஒதுக்கீடு நின்றது. அதனோடு பிறந்த முதல் வாக்கு மறைந்தது. ஒட்டப்பிடாரம் இன்று தனித்தொகுதி. அங்கே நிற்பவர் பட்டியல் சாதியினராக இருத்தல் வேண்டும் என்பதைச் சட்டம் உறுதி செய்கிறது. அம்மக்களுள் எவர் என்பதை உறுதி செய்கிறவர்கள் யார்? அவர்களுள் பலர் அம்மக்களும் அல்லர், அத்தொகுதியினரும் அல்லர்.

பூனா ஒப்பந்தம் நடைமுறையிலிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நேர்மாறான ஒன்று நடந்தது. அங்கே சனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவரே பதவிக்கு வருவார். எதிர்க்கட்சி பெயரளவுக்கே இருந்தது. அந்த முதனிலைத் தேர்தலிலிருந்து கறுப்பினத்தவரை 1923இல் சட்டத்தாலேயே விலக்கினர். 1927இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியதும், விலக்கும் வேலையைக் கட்சியே எடுத்துக்கொண்டது. நாங்கள் தனியார் சங்கம், எங்கள் வாக்கெடுப்பு எங்கள் உள்விவகாரம் என்றனர். 1935இல் நீதிமன்றமும் அதற்குத் தலையசைத்தது. ஹூஸ்டன் நகரின் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில் 1944இல்தான் அது திருந்தியது: வேட்பாளரைத் தேர்வதும் தேர்தலின் ஒரு பகுதியே, அங்கே வாக்கை மறுப்பது தேர்தலிலேயே மறுப்பதாகும். ‘உள்விவகாரம்’ என்ற அதே வாதத்தை நம் கட்சிகள் இன்றும் சொல்லிவருகின்றன. சொல்லித் தப்பியும் வருகின்றன.

அமெரிக்காவை நாம் மாதிரியாகக் காட்டவில்லை. 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் நிற்காமலே சிக்காகோ மாநாட்டில் அதிபர் வேட்பாளரானார். வெளியே தெருவில் காவலர் தடியடி. அதன் பின் எழுந்த சீர்திருத்தமே இன்றைய முறைக்கு அடி. அதன் விலையும் சிறிதன்று. ஓராண்டுக்கு மேல் நீளும் பரப்புரை, பெருஞ்செல்வரின் நன்கொடை, கட்சியின் கடுந்தீவிரரே அதிகம் வந்து வாக்களிக்கும் போக்கு ஆகியவற்றை அந்நாட்டினரே நொந்துகொள்கின்றனர்.

இந்தியாவில் காங்கிரசு 2014 மக்களவைத் தேர்தலில் ஒரு சில தொகுதிகளில் முதனிலைத் தேர்தலைச் சோதித்தது. வதோதராவில் தொண்டர்கள் வாக்களித்து நரேந்திர ராவத்தைத் தேர்ந்தெடுத்தனர். நரேந்திர மோதி அங்கே நிற்கிறார் என்றதும் ராவத் விலக, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். சோதனையின் தரத்துக்கு அந்த ஒரு தொகுதியே சான்று. தலைமை விரும்பும்வரை வாழும் உரிமை உரிமையாகாது.

சட்டமாக்குவது ஒன்றே வழி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-அ பிரிவின்படி, பதிவு கோரும் கட்சி சனநாயகக் கொள்கைக்கு உண்மையும் பற்றும் கொண்டிருப்பதாக எழுதித் தர வேண்டும். அவ்வாக்குறுதியைத் தன் வீட்டுக்குள் காக்கிறதா என்று கேட்பார் இல்லை. உட்கட்சி மக்களாட்சியைச் சட்டத்தால் கட்டாயமாக்குமாறு சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் 1999லேயே பரிந்துரைத்தது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிய நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் இருந்தன.

எதிர்வாதங்களை யாம் அறியாமல் இல்லை. உறுப்பினர் அட்டையை மொத்தமாக அச்சடித்துப் பணத்துக்கு வாங்குவர் என்பது ஒன்று. வாங்குவர், ஆனால் இன்று வாங்க வேண்டியது ஓர் அறையை மட்டுமே. வாக்கெடுப்புக்கு ஓராண்டு முன்பே உறுப்பினர் பட்டியலை மூடி, அதை வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டு வெளியிட்டால் போலிகளில் பெரும்பகுதி உதிரும். பெரிய சாதியே எல்லா இடத்தையும் கொள்ளும் என்பது மற்றொன்று. இதற்கே எடை மிகுதி. பொதுத்தொகுதிகளில் நேர்காணல் முறை இந்தக் கணக்கைத்தான் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறது என்பது விடையின் பாதி. தனித்தொகுதிகளுக்கு மறுபாதி விடை 1932இல் இருக்கிறது: அங்கே ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் அக்கட்சியின் பட்டியல் சாதி உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும். நால்வர் பட்டியல் வேண்டா. அவர்கள் முதலாவதாகத் தேர்ந்தவரே நிற்கட்டும். அம்பேத்கர் முறையிட்ட தீங்கு அப்போது பெரிதும் குறையும், ஏனெனில் ஒவ்வொரு கட்சியிலும் அம்மக்கள் முந்த வைத்தவரே களத்தில் இருப்பார்.

நாடாளுமன்றம் தயங்கலாம், தயங்கும். எனினும் ‘பி’ படிவத்தைக் கட்டாயமாக்கும் சின்னங்கள் ஆணையை 1968இல் தேர்தல் ஆணையமே பிறப்பித்தது. அதைப் பலமுறை திருத்தியதும் ஆணையமே. அப்படிவத்துடன் தொகுதி உறுப்பினரின் வாக்கெடுப்பு முடிவும் இணைக்கப்பட வேண்டும் என்றொரு பத்தியைச் சேர்க்கும் முன்மொழிவை ஆணையம் எழுதி, அங்கீகாரம் பெற்ற கட்சிகள் அனைத்திடமும் எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்கட்டும். எந்தக் கட்சி எதிர்த்தது, என்ன காரணம் சொல்லி எதிர்த்தது என்பதையும் வெளியிடட்டும்.