வாசித்தவர் பெயரைத் தப்பாகப் போடுவதைவிட போடாமலே விடலாம்

நீளமான பதிவு இது. சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். திட்டும் இருக்கிறது, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டுகளைப் பகிரும்போது "ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் இன்னார்" என்று ஒரு வரி சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த வரியில் பாதிக்குமேல் ஊகம். கேட்டால் "சார், எழுபது வருஷம் ஆச்சு, யார் வாசிச்சா என்ன?" என்கிறீர்கள். என் தங்கை மகன் இன்னும் ஒருபடி மேலே போய், "மாமா, பாட்டு நல்லாருக்கா இல்லையா, அதைப் பாருங்க" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். யார் வாசித்தால் என்ன என்றால் பெயரை எதற்கப்பா போட்டாய்? போடாமல் விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பெயர் போடும்வரை அது முக்கியம், தப்பு என்று காட்டியதும் முக்கியமில்லையா?

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீல் கிட்டார் என்பது கிடத்தி வைத்து வாசிப்பது. இடது கையில் ஓர் உருக்குக் கட்டையைப் பிடித்துத் தந்திகள்மேல் வழுக்கி நகர்த்துவார்கள். ஹவாய்த் தீவில் பிறந்த முறை. பழைய இந்திப் பாட்டுகளில் வான் ஷிப்லி வாசித்த அந்த இழையும் ஒலி காதில் இருக்கிறவர்களுக்கு இது அன்னியமில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் இது கன்ட்ரி இசையின் அழுகுரலாகவே ஆகிவிட்டது. பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துவார், மிச்சத்தை ஸ்டீல் சொல்லும். பாதிப் பாட்டை அவர் பாடுகிறார் என்றே சொல்லலாம். ஆனால் தட்டில் பாடகர் பெயர் இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும், கம்பெனி முத்திரை பெரிதாக இருக்கும். இவர் பெயர் இருக்காது.

போன வாரம் சுற்றிய காணொளிக்கு வருகிறேன். ஹாங்க் வில்லியம்ஸ் 1949-இல் பதிவு செய்த 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை'. அடியில் "ஸ்டீல்: டான் ஹெல்ம்ஸ்" என்று போட்டிருந்தது. வாசித்தவர் ஜெர்ரி பேர்ட். அந்தப் பாட்டு நாஷ்வில்லில் பதிவானதே இல்லை. ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியில் ஹெர்சாக் ஸ்டூடியோவில் பதிவானது. அங்கே கிடைத்த தேர்ந்த வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு பாடினார் ஹாங்க். 1948 டிசம்பரில் அவரை உச்சிக்குக் கொண்டுபோன 'லவ்சிக் ப்ளூஸ்' பதிவானதும் அதே ஊரில்தான், அதிலும் ஸ்டீல் ஜெர்ரி பேர்ட்தான்.

பிறகு ஏன் எல்லோரும் ஹெல்ம்ஸ் என்கிறார்கள்? அவர் ஹாங்கின் மேடைக் குழுவில் இருந்தவர். புகைப்படங்களில் பக்கத்தில் நிற்கிறார். 1952-இல் பதிவான 'யுவர் சீட்டிங் ஹார்ட்' உட்பட ஹாங்கின் பல புகழ்பெற்ற பதிவுகளில் உண்மையிலேயே அவர்தான். அதனால் மிச்சத்தையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். பழைய கோயில் எதைப் பார்த்தாலும் "ராஜராஜன் கட்டியது" என்று சொல்லும் வழிகாட்டியின் கதைதான். உங்களில் பலர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். கோயிலைப் பார்த்ததும் கல்வெட்டு எங்கே என்று கேட்கச் சொல்லித்தானே கொடுத்தேன்?

இந்தத் துறையிலும் கல்வெட்டு உண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் என்று ஒரு தொழிற்சங்கம், நாஷ்வில் கிளை எண் 257. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: தேதி, பாட்டுகள், வந்தவர்கள், கூலி. வழக்கமாக ஓர் அமர்வு மூன்று மணி நேரம், அதற்குள் மூன்று நான்கு பாட்டு. வாசித்தவருக்குச் சங்கம் நிர்ணயித்த கூலி, தலைமை ஏற்றவருக்கு இரண்டு பங்கு. அதோடு சரி. பாட்டு எத்தனை லட்சம் விற்றாலும் பாடகருக்கும் எழுதியவருக்கும் போகிற மாதிரி இவருக்கு ராயல்டி போகாது. அந்தக் கூலித் தாள்தான் இன்று அவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி. ஜெர்மனியின் பேர் ஃபேமிலி கம்பெனி இப்படிப்பட்ட ஆவணங்களைத் தோண்டியெடுத்து, தங்கள் பெட்டித் தொகுப்புகளில் தேதிவாரியாக அச்சிட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் தாங்களாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது.

"தாள் வேண்டாம் சார், எனக்குக் காது போதும்" என்கிறவர்கள் ஒரு ரகம். அவர்களுக்கு ஒரு பரீட்சை. பேட்ஸி க்ளைன் பாடிய மூன்று பாட்டுகள்: 1956-இல் பதிவான 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்', 1960-இல் 'ஐ ஃபால் டு பீசஸ்', 1961-இல் 'க்ரேஸி'. பாடகி ஒருவர், ஊர் ஒன்று, ஐந்து வருட இடைவெளி. ஸ்டீல் ஒருவரா? இல்லை. முதலாவது டான் ஹெல்ம்ஸ், இரண்டாவது பென் கீத், மூன்றாவது வால்டர் ஹேன்ஸ். காதால் மட்டும் மூவரையும் சரியாகப் பிரித்தவர்கள் கை தூக்குங்கள், நான் அடங்கிவிடுகிறேன். அந்த பென் கீத்தான் பத்து வருடம் கழித்து நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டில் வாசித்தவர். கல்லூரி விடுதியில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். ஒருவரும் அவர் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

காது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காது எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று தெரிய வேண்டும். 1953 கடைசியில் வெப் பியர்ஸ் 'ஸ்லோலி' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதில் பட் ஐசக்ஸ் காலால் பெடலை அழுத்தி, ஒரு தந்தி அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தந்தியின் சுருதியை மட்டும் ஏற்றினார். கட்டையை நகர்த்தி மட்டும் அந்த ஒலியைக் கொண்டுவருவது கடினம். பெடல் அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் அதை இப்படிக் காட்டிப் பெருவெற்றி பெற்ற முதல் பதிவு இதுதான். பாட்டு 1954-இல் வெளிவந்ததும் மற்ற ஸ்டீல்காரர்கள் தங்கள் கருவியில் பெடல் பொருத்த ஓடினார்கள். ஹாங்க் வில்லியம்ஸ் இறந்தது 1953 ஜனவரி 1. ஆகவே "ஹாங்க் பாட்டில் பெடல் ஸ்டீல்" என்று எழுதுகிறவர் கருவியையும் கேட்கவில்லை, காலண்டரையும் பார்க்கவில்லை. ஹெல்ம்ஸ் வாசித்தது பெடல் இல்லாத கருவி. ஜெர்ரி பேர்ட் கடைசிவரை பெடல் பக்கமே போகாமல், பின்னாளில் ஹவாய்க்கே குடிபோய்விட்டார். இப்படிக் காலத்தையும் கருவியையும் காது காட்டும். ஆளைக் காட்டத் தாள் வேண்டும்.

தாளும் வேதவாக்கு அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு மேலே சேர்த்துப் பதிவு செய்தால் அதற்குத் தனித் தாள், அது தொலைந்தும் போயிருக்கலாம். பெயர் இருந்தும் நான்கில் ஒரு பாட்டில் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கலாம். "அவரே பேட்டியில் சொன்னார்" என்பதையும் அப்படியே வாங்க முடியாது. ஒரே நாளில் மூன்று நான்கு அமர்வு ஓடியவருக்கு முப்பது வருடம் கழித்து எது நினைவிருக்கும்? தாள், காது, நினைவு மூன்றும் ஒத்துப்போனால் பெயர் போடு. இல்லையென்றால் "தெரியவில்லை" என்று போடு. அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கம்பெனிகளைப் பற்றி. "அந்தக் காலத்தில் பெயர் போடும் வழக்கம் இல்லை" என்று வக்காலத்து வாங்குகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். பீட் டிரேக் என்ற ஒரே மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் பாப் டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்தில் வாசித்தார், உறையில் பெயர் இருக்கிறது. 1970-இல் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்', அங்கும் பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், 1968-இல் டாமி வைனட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்'. அதில் ஸ்டீல் அவர்தான். அந்தச் சின்னத் தட்டின் முகப்பில் தேடிப் பாருங்கள், கிடையாது. டிலன் ஆல்பமும் இந்தத் தட்டும் வெளியிட்டது கொலம்பியா, எபிக் என்று ஒரே குடும்பத்துக் கம்பெனிகள். ராக் ரசிகனுக்குப் பெயர் தெரிய வேண்டும், கன்ட்ரி கேட்கிற லாரி டிரைவருக்குத் தேவையில்லை என்று யார் முடிவு செய்தது? வழக்கம் இல்லாமல் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில் கணக்கு இருந்தது.

கம்பெனி மறைத்தது ஒரு அநியாயம். நாம் அந்தக் காலியிடத்தில் இன்னொருவர் பெயரை எழுதுவது அதற்குமேல் இன்னொன்று. காலியாக இருந்தால் என்றாவது ஒருவன் தேடுவான். தப்பாக நிரப்பிவிட்டால் தேடவும் மாட்டான்.

அடுத்து கானி ஸ்மித்தின் 'ஒன்ஸ் எ டே' பாட்டைப் போடப்போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல பாட்டு, தாராளமாகப் போடுங்கள். 1964, நாஷ்வில், ஆர்சிஏ. ஸ்டீல்: வெல்டன் மைரிக். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதவும்.