புயலில் பிழைத்த தென்னைகள்

"கவிதை சோறு போடுமா?" என்று சிலர் கேட்பது உண்டு.

சோறு போடாதுதான். ஆனால், துன்பத்தில் துவண்டு விழுந்தவனைக் கைதூக்கி விடக் கவிதையால் முடியும். இதற்குப் பாரதியாரே சாட்சி.

1908-ம் ஆண்டு பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். வெள்ளைக்கார அரசாங்கம் அவரைக் கைது செய்யக் காத்திருந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. அதனால், அங்கே அவரைப் பிடிக்க முடியவில்லை.

10 ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். அவர் நடத்திய "இந்தியா" பத்திரிகை நின்றுபோயிற்று. வீட்டில் வறுமை தாண்டவம் ஆடியது.

ஏழையின் தோப்பு

பட்ட துன்பம் போதாதென்று, 1916-ம் ஆண்டு நவம்பர் மாதம் புதுச்சேரியைப் புயல் தாக்கியது. எங்கே பார்த்தாலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன.

அவற்றுக்கு நடுவே, ஒரு மேட்டில் சின்னஞ்சிறு தென்னந்தோப்பு. அது ஓர் ஏழையின் சொத்து. அங்கே விழுந்த மரங்கள் கொஞ்சம். தப்பிய மரங்களே அதிகம்! அதைப் பற்றிப் பாரதியார் ஒரு பாட்டுப் பாடினார். "பிழைத்த தென்னந்தோப்பு" என்பது அதன் பெயர்.

விழுந்த மரங்களை அவர் மறைக்கவில்லை. அவற்றையும் சொன்னார், நின்றவற்றையும் சொன்னார். அதனால்தான் அந்தப் பாட்டில் உள்ள ஆறுதல் உண்மையான ஆறுதல்.

தென்னம்பிள்ளை

2018-ம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வீசியது. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தில் தென்னந்தோப்புகள் அழிந்தன. தென்னங்கன்றைத் "தென்னம்பிள்ளை" என்பார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது போல விவசாயிகள் கதறினார்கள்.

மரம் அத்தனையும் போனவரிடம் பாட்டை மட்டும் பாடிக் காட்டினால், அது கேலியாகிவிடும். அவருக்குப் பணம் வேண்டும். புதிய கன்று வேண்டும். அவற்றைக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை.

ஆனால், நட்ட கன்று காய்க்க 5, 6 ஆண்டுகள் ஆகுமே! அதுவரை தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க மனத்தெம்பு வேண்டாமா? அது கடையில் கிடைக்காது. நல்ல பாட்டில் கிடைக்கும்.

ஆகவே, மார்க்கு வாங்குவதற்காக மட்டும் குழந்தைகள் பாட்டை மனப்பாடம் செய்தால் போதாது. வீட்டில் பெரியவர்கள் பொருள் சொல்லிக் கொடுக்கவேண்டும். என்றோ ஒரு நாள் துன்பம் வரும்போது, அந்தப் பாட்டு தானாக நினைவுக்கு வரும்.

விழுந்ததை நினைத்து அழலாம். தவறு இல்லை. அழுது முடித்ததும், நிற்கும் மரங்களையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கவேண்டும்!