இராமேசுவரக் கரையில் ஒரு கடல்நீர்த் தொட்டி

இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் அக்கினி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, கரையில் விற்கும் சங்கும் சோழியும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தச் சங்குக்குள் ஒரு ஜீவன் குடியிருந்தது. அது நடந்தது, தின்றது, முட்டையிட்டது. அதைக் கண்ணால் கண்டவர் அவர்களில் எத்தனை பேர்? பரதேசத்துக் கடற்கரைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டும் காட்சி, கடலையே மதிலாகக் கொண்ட நமது இராமநாதபுரம் ஜில்லாவில் கிட்டாமலிருப்பது வெட்கத்துக்குரிய விஷயமாகும்.

சென்ற கோடையில் இக்கரையில் நடந்த ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். கீற்றுக் கொட்டகைக்கு வெளியே, உச்சி வெயிலில், நாலு கண்ணாடித் தொட்டிகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் பேத்தை மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்றொன்றில் நண்டையும் பேய்க்கணவாயையும் ஒன்றாய் விட்டிருந்தார்கள். நண்டின் ஓடு மட்டும் மிஞ்சியிருந்தது. "சாயங்காலம் இவற்றை என்ன செய்வீர்கள்?" என்று காவலிருந்தவரைக் கேட்டோம். "அதற்குள் செத்துப்போகும், ஐயா. நாளைக்கு வேறே கொண்டு வருவோம்" என்றார். அவர் மீது நமக்குக் கோபமில்லை. ஜலம் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும் என்பதையோ, ஆவியாகப் போவது நீர்தானேயன்றி உப்பன்று என்பதையோ அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய முதலாளிக்குச் சொல்லியிருந்தாலும் பயன்பட்டிருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

இக்கடலின் ஜந்துக்களை முதலில் முறையாக எழுதிவைத்தவர்கள் அன்னியர்கள். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரத் தீவையும் மன்னார் வளைகுடாவின் பிராணிகளையும் பற்றி 1895-இல் ஒரு நூல் வெளியிட்டார். உயிருள்ள மீன்களை ஜனங்கள் காணும்படி சென்னைக் கடற்கரையில் 1909-இல் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டதும் அவருடைய யோசனையின் பலனேயாகும். இரண்டாவது உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவிலிருந்து கல்லூரிகளுக்கு ஜந்துக்கள் அனுப்பப்பட்டன. ஆனால் அவை போனது புட்டிகளில். நமது விஞ்ஞான மாணவர்கள் பலர் பாம்பன் கடலைச் சாராயத்தில் ஊறிய ரூபத்திலேயே அறிந்தார்கள். சுதந்திரத்துக்குப்பின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் அமைந்தது பெரிய காரியம். 1971-இல் தலைமையிடம் கொச்சிக்குப் போனபோதிலும் மண்டபத்து நிலையம் இன்றும் வேலை செய்து வருகிறது. அங்கே 1959-இல் ஒரு ஜோடி கடற்பசுக்களை வைத்து வளர்த்தார்கள், டாக்டர் எஸ். ஜோன்ஸ் அவற்றைப் பற்றி அவ்வருஷமே எழுதினார். ஆவுளியா என்று நமது வலைஞர்கள் சொல்லும் இந்தச் சாதுப் பிராணியைப் பற்றி அதனால் பல உண்மைகள் தெரியவந்தன. ஆயினும் அவை கடலுக்குத் திரும்பவில்லை. கல்வி வேண்டுமென்றால் சிறைவாசமும் வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தது. அதை நாம் இனியும் தொடரவேண்டிய அவசியமில்லை.

நாம் கோருவது வேறு. காலையில் கரைவலையில் உயிரோடு வந்து, விலைபோகாமல் மணலில் எறியப்படும் பிராணிகளுக்காக ஒரு திறந்தவெளித் தொட்டி. ஒரு பகல் அவற்றை அதில் வைத்துக் காட்டிவிட்டு, பொழுது சாயுமுன் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது. தொட்டி ஆழமற்றதாய், கீற்று நிழலில், கடலிலிருந்து ஓயாமல் நீர் ஏறி இறங்கும்படி அமைய வேண்டும். மழை பெய்தால் மூட வேண்டும். தின்னும் பிராணியையும் தின்னப்படும் பிராணியையும் தனித்தனியே வைக்க வேண்டும். பேத்தையைக் காற்றில் தூக்கி உப்ப வைத்து வேடிக்கை பார்க்கலாகாது. குழந்தைகள் தொட்டுப் பார்க்க நட்சத்திர மீனை நீருக்கு வெளியே எடுப்பதும் கூடாது. கூட்டம் எவ்வளவு வந்தாலும் மறுநாளைக்கென்று ஒன்றையும் நிறுத்தக்கூடாது.

இதற்கு இத்தீவைப்போல் வாய்த்த இடம் அரிது. ஒரு புறம் வடகடல், மறுபுறம் தென்கடல். ஒன்று கொந்தளிக்கும் காலத்தில் மற்றொன்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகையால் தெளிந்த நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வடகடலில் பிடித்ததை வடகடலிலேயே விட வேண்டும். இடம் மாறி விட்டால் என்ன நேரும் என்பதற்கு அத்தாட்சி அருகிலேயே இருக்கிறது. பயிரிடுவதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, குருசடையின் பவளப்பாறைகள் மீது படர்ந்து அவற்றை மூடியது 2008-இல் தெரியவந்தது. கண்ணாடித் தொட்டி கழுவ வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீனை இரக்கப்பட்டு ஏரியில் விட்டவர்களால் நமது ஏரிகள் பட்ட பாட்டையும் நேயர்கள் அறிவார்கள். அந்த இரக்கம் கண்மாய்களுக்கும் வராதிருக்கட்டும்!

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல் கொல்லுவதை மட்டும் குறிப்பதன்று. உயிரோடு பிடிப்பதும் வேட்டையே. கடற்குதிரையும் கடல் அட்டையும் 2001-இல் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. ஆகவே, கடற்குதிரையை ஒரு வாளியில் எடுத்து, ஆண் பிராணி கர்ப்பம் சுமக்கும் விந்தையைத் தங்கைக்குக் காட்ட விரும்பும் மீனவச் சிறுவன் சட்டத்தின் பார்வையில் வேட்டைக்காரனாகி விடலாம். 1986-இல் ஏற்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள நீரில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அச்சட்டத்தை நாம் குறை கூறவில்லை. அது இல்லாவிட்டால் இன்று கடல் அட்டையைத் தேடவேண்டி வந்திருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, கல்விக்காகவும் விஞ்ஞான ஆராய்ச்சிக்காகவும் அனுமதிச் சீட்டு வழங்க இடங் கொடுக்கிறது. முதல் அட்டவணைப் பிராணியாயின் மத்திய சர்க்காரின் முன் அனுமதியும் வேண்டும். அந்த வழி பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது. மீனவர் சங்கத்துக்கு அதன் வாசல் எங்கே என்றே தெரியாது.

இப்படித் தொட்டி வைத்தால் அதன் மறைவில் அட்டைக் கடத்தல் நடக்காதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அட்டவணையிலுள்ள எதுவும் தொட்டிக்கு வரவேண்டாம். வலையில் அகப்பட்டால் அங்கேயே விடப்படட்டும். காரல், திருக்கைக் குஞ்சு, நண்டு, கணவாய் இவையே ஒரு பகலுக்குப் போதும். கடற்குதிரையை மண்டபத்து நிலையத்தார் தங்கள் அனுமதியின்கீழ்க் காட்டட்டும். எடுத்ததைத் திருப்பி விடுவது இக்கரைக்குப் புதிய பாடமுமன்று. சங்கு குளித்தலில் அளவுக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலில் விடும் விதி பழமையானது. தனுஷ்கோடி மணலில் ஆமை முட்டைகளை எடுத்துக் காவலில் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். கடற்பசு வலையில் சிக்கினால் அறுத்து விடும் மீனவருக்கு வெகுமதி கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அதற்கென ஒதுக்கப்பட்டது.

தொட்டியைக் காக்கும் வேலை வலைஞர்களுக்கே உரியது. எந்த மீனுக்கு எந்தப் பெயர், எது எங்கே மேயும், எதன் முள் விஷம் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. அதை ஊதியத்துக்குச் சொல்ல வேண்டும், இனாமாகவன்று. மண்டபத்து விஞ்ஞானிகள் வாரம் ஒருமுறை வந்து நீரைச் சோதிக்கட்டும். இராமநாதபுரம் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் வருகிற கூட்டத்தில் வனத்துறை மந்திரியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 12-ஆம் பிரிவின்கீழ் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் மனுச் செய்தால், அதைப் பெற்றுக்கொள்ளும் உத்தியோகஸ்தர் யார், எத்தனை நாளில் பதில் சொல்லுவார்?