அலுவலக நாட்காட்டியும் வீட்டு நாட்காட்டியும்

நாட்காட்டியில் தேர்ந்தெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். சிவகாசியில் அச்சாகி வருவதை மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுக்கிறார், ஆணியில் மாட்டுகிறோம், தீர்ந்தது. ஆனால் நம் பெற்றோரின் கைப்பேசியில் இருக்கும் நாட்காட்டி அப்படிப்பட்டதல்ல. அது ஒரு கணக்கின்மேல் நிற்கிறது. அந்தக் கணக்கு யாருடையதோ, அதில் எழுதிய நாட்களும் அவருடையவை ஆகிவிடுகின்றன. பெரியவர்கள் இதைப் போதிய அளவு யோசிப்பதில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

என் சித்தி சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். குழந்தையின் தடுப்பூசி நாள், பாட்டியைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாள், வாடகை ஒப்பந்தம் முடியும் நாள் எல்லாவற்றையும் அலுவலக நாட்காட்டியிலேயே குறித்து வைப்பார். நாள் முழுவதும் கண்முன் திறந்திருப்பது அதுதானே! அவர் வேலையை விட்ட அன்று மாலையே கணக்கு மூடப்பட்டது. அதிலிருந்த நாட்களைக் கேட்டதற்கு, கணக்கில் இருப்பவை நிறுவனத்தின் உடைமை என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பாட்டியின் கண் எவ்வாறு ஒரு நிறுவனத்தின் உடைமையாகும்? சித்தி ஒரு வாரம் பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டி நாட்களை மறுபடி சேர்த்தார்.

அலுவலகத்தில் எதை உபயோகிப்பது என்பதில் ஊழியருக்கு உரிமை இல்லை. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கோ, கூகுளின் அலுவலகச் சேவையோ, நிர்வாகம் வாங்கித் தந்ததுதான். அதில் நாம் எழுதுவதைச் சக ஊழியர் எவ்வளவு பார்க்கலாம் என்பதையும் பெரும்பாலும் நிர்வாகமே அமைத்து வைக்கிறது. சில இடங்களில் 'இந்த நேரத்தில் ஓய்வில்லை' என்பது மட்டும் தெரியும். சில இடங்களில் தலைப்பும் இடமும்கூடத் தெரியும். 'தனிப்பட்டது' என்று குறித்தால் சக ஊழியர் கண்ணுக்கு மறையும். ஆனால் கணக்கை நிர்வகிப்பவரிடமிருந்தும் மறைந்துவிட்டதாக நம்பலாகாது. ஒரு பெண் மருத்துவமனைக்குப் போவதை மேலாளர் ஏன் அறிய வேண்டும்? அந்த ஒரு மணி நேரத்தை அலுவலக நாட்காட்டியில் அடைத்து வைத்தால் போதுமானது. காரணம் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்குத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும். எல்லோர் கையிலும் ஐபோன் இருக்கும் வீட்டுக்கு ஆப்பிளின் நாட்காட்டி சௌகரியம். அப்படிப்பட்ட வீடுகள் நம் பள்ளியில் எத்தனை என்று நான் எண்ணப் போவதில்லை! ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட புரோட்டான் நிறுவனத்தின் காலண்டர், எழுதியதைப் பூட்டி வைக்கிறது. நிகழ்ச்சியின் தலைப்பையும் இடத்தையும் அந்த நிறுவனமே படிக்க இயலாது. கூகுளிலும் ஆப்பிளிலும் நாட்காட்டிக்கு அத்தகைய பூட்டு இல்லை. இரகசியமே முக்கியம் என்பவர்களுக்குப் புரோட்டான்தான் மேல்.

ஆயினும் எங்கள் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்தது, 2006-இல் தொடங்கிய கூகுள் காலண்டரை. அது எந்தக் கைப்பேசியிலும் இயங்கும், கட்டணம் இல்லை, குடும்பக் குழுவாகச் சேர்ந்தால் ஆறு பேர் வரை ஒரே நாட்காட்டியைப் பார்க்கவும் எழுதவும் முடியும். அப்பா துபாயில் இருக்கிறார். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின். இரவு 8 மணிக்குத் தொலைபேசியில் சேர்ந்து செபமாலை சொல்வது என்று இங்கே குறித்தால், அவர் கைப்பேசியில் அது தானாகவே 6.30 என்று காட்டும். முதல் வெள்ளித் திருப்பலியை 'மாதத்தின் முதல் வெள்ளி' என்று ஒருமுறை குறித்தால் போதும். உயிர்ப்புப் பெருவிழாவை மட்டும் அப்படி ஆண்டுதோறும் திரும்பும்படி குறிக்கலாகாது. 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28 என்று அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். கிறிஸ்தவத் திருநாட்களின் ஆயத்தப் பட்டியல் ஒன்று கூகுளிலேயே உண்டு. அதைச் சேர்த்துக்கொள்வதே நல்லது. பால் கணக்கு சமையலறைச் சுவரிலேயே இருக்கட்டும். பால்காரர் வந்து பார்க்க வேண்டுமல்லவா?

இரண்டு நாட்காட்டி வைத்தால் இரண்டிலும் தேட வேண்டும், ஏதாவது தவறிப்போகும் என்று அம்மா ஆட்சேபித்தார். நியாயமான கேள்விதான். எழுதும் இடம்தான் இரண்டாக இருக்க வேண்டும். பார்க்கும் இடம் ஒன்றாக இருக்கலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் இரு கணக்குகளையும் சேர்த்து, வேறு வேறு நிறங்களில் ஒரே பக்கத்தில் பார்க்க முடியும். ஆனால் சில அலுவலகங்கள் தங்கள் கணக்கைச் சொந்தக் கைப்பேசியில் சேர்க்கும்போது, அந்தக் கைப்பேசியிலுள்ளதை அழிக்கும் அதிகாரத்தையும் கேட்கின்றன. திரையில் வரும் அனுமதிக் கேள்வியைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்தக்கூடாது. அப்படிக் கேட்டால் அலுவலகக் கணக்கை அலுவலகக் கணினியோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா நாட்களும் அம்மாவின் தலைக்குள்தான் இருந்தன. எரிவாயு உருளை பதிவு செய்வது, அண்ணனின் கல்லூரிக் கட்டணம், என் தேர்வு, அத்தை வீட்டு விசேஷம் எல்லாம் அங்கேதான். குடும்ப நாட்காட்டி வந்த பின்பும் எழுதுவது அம்மாவாகவே இருந்தால், அவருக்குக் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தோம் என்பதைத் தவிர வேறென்ன சாதித்தோம்? பார்க்கும் உரிமை பெற்ற ஒவ்வொருவரும் எழுதவும் கடமைப்பட்டவர் என்பது என் கட்சி. அண்ணனுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருப்பினும் இப்போது கட்டண நாளை அவனே எழுதுகிறான்.

சேவை எதுவாயினும் நிரந்தரம் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பலர் விரும்பிய சன்ரைஸ் என்னும் நாட்காட்டியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் விலைக்கு வாங்கி, 2016-இல் மூடிவிட்டது. நல்லவேளையாக, 1998-இலிருந்தே ஐகேலண்டர் என்ற பொது வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் பிரதி எடுத்தால் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு நாட்களை எடுத்துச் செல்லலாம். கூகுளில் இந்தப் பிரதியைக் கைப்பேசிச் செயலியிலிருந்து எடுக்க வழியில்லை. கணினியில் திறந்து, அமைப்புகள் பகுதியில் 'ஏற்றுமதி' என்பதை அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் மாதக் கடைசிச் சனிக்கிழமை அது என் வேலை.