கண்ணுக்கு மேல் ஒரு கருப்புப் பட்டை போதுமா?

1/
ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குறோம். மயக்க மருந்துக்குத் தனியா ஒரு கையெழுத்து.
ஆனா நோயாளியோட புண்ணை நம்ம போன்ல படம் எடுக்க? பல இடங்கள்ல வாயால கூட கேட்கிறதில்லை.
இறந்தவர் உடலைப் படம் எடுக்க யாரைக் கேட்கணும்? அந்தக் கேள்வியே எழுறதில்லை.
டாக்டர்கள், மாணவர்கள், வாட்ஸ்அப் வைத்திருக்கும் எல்லோரும் கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
1876-78 தாது வருஷப் பஞ்சம் பத்தி எந்தக் கட்டுரை வந்தாலும் கூடவே சில படங்கள் வரும். எலும்பும் தோலுமா வரிசையா உட்கார வைக்கப்பட்ட மனிதர்கள்.
எடுத்தவர் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர், மதராஸ் ராணுவ அதிகாரி. அவர் பெயர் நமக்குத் தெரியும். படத்தில் இருக்கிற ஒருத்தர் பெயரும் தெரியாது.

3/
அதே ஹூப்பர் 1886-ல் மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது படம் எடுத்தார். கேமரா தயாராகும் வரை சுடும் உத்தரவையே தாமதப்படுத்தினார்னு குற்றச்சாட்டு எழுந்து, விசாரணையும் நடந்தது.
எதிரில் இருப்பவர் ‘காட்சி’ ஆகிட்டா அடுத்த படி இதுதான்.

4/
"அப்போ படமே எடுக்கக் கூடாதா டாக்டர்?"
அப்படிச் சொல்லலைங்க.
1970-களில் பெரியம்மை ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடா ஒரு அட்டையோட போனாங்க. அதில் பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் படம். "இந்த மாதிரி யாருக்காவது வந்திருக்கா?"ன்னு கேட்டே நோயாளிகளைக் கண்டுபிடிச்சாங்க. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.
படம் உயிர் காக்கும். பிரச்சனை படத்தில் இல்லை. எதுக்காக, யாருக்காக, யாரைக் கேட்டு எடுத்தோம் என்பதில்தான்.

5/
சட்டம் என்ன சொல்லுது?
இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி, அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அவர் அனுமதியின்றி டாக்டர் வெளியிடக் கூடாது.
அடுத்த வரியிலேயே ஒரு வாசல் திறந்திருக்கு: அடையாளம் வெளிப்படாதுன்னா சம்மதம் தேவையில்லை.
அந்த வாசல் வழியாத்தான் கண்ணை மறைக்கும் கருப்புப் பட்டை வருது.

6/
இந்த விதி பெருநகரத்துக்கு வேணா சரியா இருக்கலாம். எங்க கெடார், காணை பக்கம் செல்லாது.
கையில் பச்சை குத்தின பெயர், மூக்குத்தி, பழைய தழும்பு, போன பொங்கலுக்கு எடுத்த சேலை... இதில் ஒண்ணு போதும். "அட, இது நம்ம தெரு அக்கா"ன்னு சொல்லிடுவாங்க. கண்ணை மறைச்சு என்ன பயன்?
அடையாளம் தெரியுமா தெரியாதான்னு முடிவு பண்ண வேண்டியவர் படம் எடுத்தவர் இல்லை. அவரை அறிந்த ஊர்.

7/
இறந்தவர் நிலைமை இன்னும் மோசம். அவரால் "வேண்டாம்பா"ன்னு சொல்ல முடியாது.
2023-ல் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம், 2024-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரம். இரண்டுமே மெத்தனால் கலந்த சாராயச் சாவுகள். கருணாபுரத்தில் வீட்டு வாசலில் கிடத்திய உடல்களை டிவியில் நாடே பார்த்தது.
அந்தப் பிள்ளைங்க நாளைக்கு அப்பா பெயரைத் தேடினா முதல்ல எந்தப் படம் வரணும்?
அரசைக் கேள்வி கேட்க அந்தச் சாவுகள் தெரிஞ்சே ஆகணும். அதுக்கு எண்ணிக்கை வேணும், காரணம் வேணும், பொறுப்பானவர் பெயர் வேணும். செத்தவர் முகம் வேணுமா?

8/
என் கருத்து இதுதான்:
🔹 பாடத்துக்கோ ஜர்னலுக்கோ படம் வேணும்னா, முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தமிழில் விளக்கி எழுத்து மூலம் சம்மதம் வாங்கணும்.
🔹 "வேண்டாம்"னு சொன்னா சிகிச்சையில் ஒரு குறையும் வராதுன்னு முதல்லயே சொல்லணும்.
🔹 இறந்தவர் என்றால் குடும்பத்தைக் கேட்கணும். அதுவும் அழுதுகிட்டிருக்கும் அந்த மணி நேரத்தில் இல்லை.
🔹 போலீஸ், பிரேதப் பரிசோதனைப் படங்கள் கேஸ் கட்டைத் தாண்டக் கூடாது.
🔹 விபத்து நடந்த இடத்தில் போனை எடுத்தா முதல்ல 108. கேமரா வேண்டாம்.

9/
இன்னைக்கு உங்க குரூப்பில் அப்படி ஒரு படம் வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அனுப்பினவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அவங்க வீட்டுல கேட்டீங்களா?"