‘அது அந்தக் காரின் சுபாவம்’

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் வாகன விளம்பரப் பக்கத்தில் ஒரு சொற்றொடர் வாரம் தவறாமல் வந்துவிடுகிறது: ‘கொம்பனியில் பராமரித்தது’. கல்யாண விளம்பரத்தில் ‘நல்ல குடும்பம்’ என்று போடுவதைப் போலத்தான் இதுவும். போட்டவரிடம் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை, போடாதவரைத்தான் சந்தேகிக்கிறோம். பராமரித்தது என்றால் என்ன செய்தார்கள், கியர் ஒயிலை எப்போது மாற்றினார்கள், மாற்றினார்களா என்று கேட்க வாங்குபவருக்கு வாய் வராது. கொம்பனி பார்த்திருக்கிறது, போதும். வெள்ளவத்தை தொடர்மாடிகளின் கீழ்த்தளத் தரிப்பிடத்திலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் நிற்கும் கார்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் இந்த மதத்தைச் சேர்ந்தவர்கள். ஏஜென்டின் வேலைத்தளத்தில் கழுத்துப்பட்டி கட்டியவர் சொன்னது தீர்ப்பு. வெளியே எண்ணெய்க் கையோடு நிற்கும் பாஸ் சொன்னது வதந்தி. இந்த நம்பிக்கையால் அதிகம் அழிந்துபோன உறுப்பு ஒன்று உண்டென்றால், அது கியர்பெட்டி.

கார் நடுங்குகிறது என்று முறையிடப் போனவருக்குக் கிடைக்கும் பதில்கள் மூன்றுதான். முதல் தடவை, ‘அது அந்தக் காரின் சுபாவம்’. அடுத்த தடவை, ‘நீங்கள் ஓட்டுகிற விதம்’. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு, ‘கியர்பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும்’. நேற்றுவரை சுபாவமாக இருந்தது இன்றைக்கு எப்படி மரண நோயானது என்று கேட்டால் கொம்பியூட்டரைக் காட்டுவார்கள். இதில் இரண்டாவது பதிலுக்கு ஒரு விலை உண்டு. அதை ஒரு நீதிமன்றமே நிர்ணயித்திருக்கிறது. 2018 ஏப்ரலில் அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் ஃபோர்ட் நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. ஃபியெஸ்டா, ஃபோகஸ், இகோஸ்போட் கார்களில் பூட்டிய ‘பவர்ஷிஃப்ட்’ கியர்பெட்டி நடுங்குகிறது என்று வந்தவர்களிடம், கோளாறு கியர்பெட்டியில்தான் என்று தெரிந்திருந்தும், ‘நீங்கள் ஓட்டும் விதம்’ என்று அடிக்கடி சொல்லி அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்குத் தொடுத்தது அந்நாட்டுப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு. மனச்சாட்சிக்கு ஒவ்வாத முறையில் நடந்துகொண்டதாக ஃபோர்ட் ஒப்புக்கொண்டது. ஒழுங்காக மடித்த சட்டையும் குளிரூட்டிய வரவேற்பறையும் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் அந்த ஒப்புதலை ஒரு தடவை வாசிக்க வேண்டும். அங்கேயும் சட்டை மடித்துத்தான் இருந்தது.

‘ஃபோர்ட் இங்கே எத்தனை பேரிடம் இருக்கிறது, எங்களுடையது ஜப்பான் கார்’ என்பார்கள். ஜப்பான் காரையே பார்ப்போம். பவர்ஷிஃப்டின் உள்ளே இருந்தது இரண்டு உலர் கிளட்ச். ஒன்று ஒற்றைப்படைக் கியர்களைப் பிடிக்கும், மற்றது இரட்டைப்படைக் கியர்களைப் பிடிக்கும், ஒயிலில் நனையாமல். வேகப்பாதையில் ஓடும்போது அருமையான ஏற்பாடு. ஊர்ந்து ஊர்ந்து போகும் தெருவில் அரைப்பிடியில் உரசி உரசிச் சூடேறும். அதே உலர் இரட்டைக் கிளட்ச் வகையைத்தான் ஹொண்டா 2013இல் ஃபிட் ஹைபிரிட்டிலும், அதைத் தொடர்ந்து வெசலிலும் ஏழு கியரோடு பூட்டியது. கொழும்பில் ஒரு தலைமுறையின் கனவுக் கார் இந்த வெசல். புதிய ஃபிட் வெளிவந்து ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஜப்பானில் ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தார்கள். ஆரம்ப அழைப்புகளுக்குக் காரணம் அந்தக் கியர்பெட்டியை ஆளும் மென்பொருள். 2014 ஒக்டோபரில் ஹொண்டாவின் தலைவர் தகானோபு இத்தோ மூன்று மாதத்துக்குத் தன் சம்பளத்தில் 20 வீதத்தை விட்டுக்கொடுத்தார். பின்னர் 2020இல் வந்த ஃபிட்டிலும் 2021இல் வந்த வெசலிலும் ஹைபிரிட்டுக்கு அந்தக் கியர்பெட்டியே இல்லை. இரண்டு மோட்டார் கொண்ட வேறு முறைக்கு மாறிவிட்டார்கள். செய்தவனே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு கைவிட்டும் விட்ட ஒரு பொருளின் நடுக்கத்தை இங்கே ஒருவர் ‘சுபாவம்’ என்கிறார், நாமும் தலையாட்டிவிட்டு சேர்விஸ் காசைக் கட்டுகிறோம். ‘ட்ரஃபிக்கில் ஓடுகிற காருக்கு இப்படித்தான்’ என்பது இதன் கிளைக்கதை. காலி வீதியில் ஓடாமல் வேறெங்கே ஓட வேண்டும்? வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கும், ஆமர் வீதிச் சந்தியிலிருந்து புறக்கோட்டைக்கும் போவதற்கென்றுதான் இந்த ஊரில் கார் வாங்குகிறார்கள். மீன் வாங்கினவரிடம் ‘நீங்கள் ஏன் அதைச் சமைத்தீர்கள்’ என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த கட்சி, ‘கொம்பனியிடம் மெஷின் இருக்கிறது’ என்பது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேன் மெஷின் சொல்வது, காரின் மூளை எதைப் பிழையென்று பதிந்துவைத்ததோ அதை மட்டும். கிளட்ச் தட்டு சீரில்லாமல் தேய்ந்து நடுங்கும்போது மூளை பல வேளை ஒன்றையும் பதிவதில்லை. திரையில் ஒன்றும் இல்லையென்றால் காரிலும் ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு. காய்ச்சல்மானியில் சூடு ஏறாவிட்டால் கால் முறியவில்லை என்று சொல்கிற வைத்தியம் இது. ஃபோர்டிடமும் மெஷின் இருந்தது. அவுஸ்திரேலியாவில் ஒரு கோடி டொலர் கட்டியது மெஷின் இல்லாத குற்றத்துக்காக அல்ல. பிறகு, ‘அசல் பாகம்’ என்ற மந்திரம். கார்க் கொம்பனியின் பெயர் பொறித்த பெட்டிக்குள் இருப்பதைக் கார்க் கொம்பனியேதான் செய்ததென்று யார் சொன்னது? நிசானுக்கும் சுசுகிக்கும் மிட்சுபிஷிக்கும் சீவீடீ கியர்பெட்டி செய்து கொடுப்பது ஜட்கோ என்ற ஒரே நிறுவனம். இன்னொரு வேதவாக்கு, ‘இந்த ஒயில் ஆயுட்காலத்துக்கு, மாற்றத் தேவையில்லை’. யாருடைய ஆயுட்காலம் என்று கேட்பவர் இல்லை. உலகின் பெரிய கியர்பெட்டித் தயாரிப்பாளர்களில் ஒன்றான ஜேர்மனியின் இசட்.எஃப், தன் தானியங்கிக் கியர்பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் ஒயில் மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியைப் பூட்டி விற்கும் கார்க் கொம்பனிகளோ ஆயுட்காலம் என்கின்றன. உத்தரவாதம் முடியும்வரை தாக்குப்பிடித்தால் விற்றவனுக்கு அது ஆயுட்காலம். சீவீடீயில் உருக்குப் பட்டி இரண்டு கப்பிகளுக்கிடையே இறுகி ஓடும்போது உதிரும் இரும்புத்தூள் அந்த ஒயிலில்தான் மிதக்கும் என்பதும், அந்தத் தூளோடு எட்டு வருடம் ஓடினால் வால்வுகள் என்னவாகும் என்பதும் மாளிகாவத்தையில் வேலை பழகும் பையனுக்கும் தெரியும். கழுத்துப்பட்டி இல்லாததால் அவன் சொல்வது ஏறாது.

‘அப்படியென்றால் பஞ்சிகாவத்தைக்கா போகச் சொல்கிறீர்கள்?’ என்று கோபிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் எல்லோரும் புத்தர்கள் என்று சொல்லவரவில்லை. ஜப்பானில் கழித்த கியர்பெட்டியைக் கழுவித் துடைத்து ‘புதுசு மாதிரி’ என்று தள்ளிவிடுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அங்கே போகிறவர் ஏமாறலாம் என்ற விழிப்போடு போகிறார், நாலு கடை கேட்கிறார், பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். கொம்பனிக்குள் நுழைந்ததும் அந்தப் புத்தியைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிடுகிறார். முழங்கால் வலிக்கு இரண்டு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று டொக்டரைப் பார்க்கும் வெள்ளவத்தைக்காரர், கியர்பெட்டி முழுவதையும் மாற்ற இலட்சக்கணக்கில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுக்கு இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டால் கொம்பனி கோவிக்குமாம். இதற்குள் மொழியும் புகுந்துகொள்கிறது. கொட்டாஞ்சேனைக்காரர் தமிழில் சொன்ன முறைப்பாடு, ‘முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறுகிறது, சூடேறினால் மட்டும்’ என்பது, ஜொப் காட்டில் ஆங்கிலத்தில் ‘பொதுப் பரிசோதனை’ என்று சுருங்கி விழும். அவர் கையெழுத்தும் வைப்பார். எப்போது, எந்தக் கியரில், எந்தச் சூட்டில் என்ற மூன்றும்தான் நோயறிய உதவும் தகவல். அந்த மூன்றும்தான் காணாமற்போகும். ஆனால் அவர் பழகியவர். ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, பல வருடமாக அது என்னவென்று தெரியாமலே ஓட்டுகிறவர்தானே. (ஜப்பானிய வேகப்பாதைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்கிறாள் பாவம்.) போதாக்குறைக்கு லீசிங் தவணை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் காணிபோல விலை ஏறியது; மாற்றுக்கார் வாங்க வழியில்லாதவரிடம் கொம்பனி எதையும் சொல்லலாம் என்ற நிலையும் வந்தது. ரீகண்டிஷனாக வந்த காரென்றால் இன்னொரு கதவும் இருக்கிறது: ‘இதை நாங்கள் இறக்கவில்லை’. சேர்விஸ் காசு வாங்கும்போது சொந்தப் பிள்ளை, திருப்பி அழைக்கும் திருத்தம் பற்றிக் கேட்டால் வந்தான் வரத்தான்.

‘வெளியே கழற்றினால் உத்தரவாதம் போய்விடும்’ என்பதுதான் கடைசி அரண். வீதியில் ஓடும் பத்து வயதுக் கார்களுக்கு எந்த உத்தரவாதம் மிச்சமிருக்கிறது? புதிய காருக்கும் இந்த மிரட்டல் கடவுள் எழுதியது அல்ல. குறிப்பிட்ட கொம்பனியின் பாகத்தையோ சேவையையோ கட்டாயமாக்கி உத்தரவாதத்தைப் பிணைப்பதை அமெரிக்கா 1975இலேயே சட்டத்தால் தடுத்தது. இந்தியாவில் 2014 ஓகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார்க் கொம்பனிகளுக்கு 2,500 கோடி ரூபாவுக்கு மேல் தண்டம் போட்டது. உதிரிப்பாகங்களையும் பழுதுபார்க்கும் விபரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்ததற்காக. அவுஸ்திரேலியக் கதைக்கும் 2021இல் ஒரு தொடர்ச்சி உண்டு: கார்க்காரர்கள் கூட்டாகப் போட்ட வழக்கில், பவர்ஷிஃப்ட் பூட்டிய கார்கள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஓட்டும் விதம் எங்கே போயிற்று? இங்கே சட்டமே இல்லை என்று பெருமூச்சு விடுவதும் சோம்பலுக்கு இன்னொரு பெயர்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருளைப் பற்றி முறையிட வழி வைத்திருக்கிறது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே அது கொள்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற மூன்று மாதத்துக்குள்.

ஆகவே, ஜொப் காட்டில் உங்கள் முறைப்பாட்டை உங்கள் சொல்லிலேயே, தமிழில் என்றாலும், எழுதாமல் கையெழுத்து வைக்காதீர்கள். ‘சுபாவம்’ என்று சொன்னால் அந்தச் சொல்லை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘அடுத்த சேர்விசில் பார்ப்போம்’ என்றால் கலண்டரைப் பாருங்கள்: அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகிற கார் அடுத்த 5,000 கிலோமீற்றரை எட்ட மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.