ஒரே குக்கர், நாலு தட்டு: உளுந்தஞ்சோறு

மாலை ஆறரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்துக்குப் பேர்போன ஊர் இல்லை இது. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும், 'தென் திருப்பதி' என்று சுற்றுவட்டாரம் கும்பிடும் ஊர். ராஜபாளையம் பக்கம் ஷிப்ட் முடித்தவர்கள் வீடு திரும்பும் நேரம். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் அடுப்பு ஷிப்ட் நேரம் பார்த்துத்தான் எரிகிறது.

செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்: "ராத்திரிக்கு என்னம்மா?" தாத்தாவுக்கு சுகர், சோறு அளவாக வேண்டும். சின்னவளுக்குக் காரம் ஆகாது. பெரியவனுக்குச் சப்பென்று இருந்தால் இறங்காது. வீட்டுக்காரர் வரவே ஒன்பது மணி ஆகும். ஆளுக்கொரு விதமாகச் சமைத்தால், சமைத்தவர் கடைசியில் அடுப்படியில் நின்றபடி மிச்சத்தைச் சாப்பிட வேண்டியதுதான். அலுப்பில் பரோட்டா பார்சல் வாங்கினாலோ, மாதக் கடைசியில் பர்ஸ் கேள்வி கேட்கும்.

இதற்குத் தென்மாவட்டத்து அடுப்படிகளில் பழைய பதில் ஒன்று உண்டு. அதுதான் உளுந்தஞ்சோறு. அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும்; தனியாகக் குழம்பு வேண்டாம். சோறு எல்லோருக்கும் ஒன்றுதான். தட்டில் சேர்ப்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

தேவையானவை (4 பேருக்கு):
பச்சரிசி - ஒன்றரை கப்
தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்து - முக்கால் கப்
பூண்டு - 15 பல்
சீரகம் - 1 டீஸ்பூன்
வெந்தயம் - அரை டீஸ்பூன்
தேங்காய்த் துருவல் - அரை கப்
பெருங்காயம், உப்பு - தேவைக்கு
தண்ணீர் - ஐந்தரை கப்

செய்முறை:
உளுந்தை எண்ணெய் விடாமல், சிறு தீயில் வாசம் வரும்வரை வறுக்கவும். இதில் அவசரம் வேண்டாம். வறுபடாத உளுந்து பச்சை வாசம் அடிக்கும், சோறும் கொழகொழவென்று ஆகிவிடும், கருகினால் கசக்கும். வறுத்த உளுந்தை அரிசியோடு சேர்த்துக் கழுவி, கால் மணி நேரம் ஊறவைக்கவும். பிறகு மற்ற எல்லாவற்றையும் சேர்த்து குக்கரில் 4 விசில் விடவும். புழுங்கல் அரிசி என்றால் அரை கப் தண்ணீர் கூடுதலாக ஊற்றி 6 விசில். வெந்தயம் அளவு தாண்டக் கூடாது. தாண்டினால் சின்னவர்கள் முகம் சுளிப்பார்கள்.

விசில் வருவதற்குள் எள்ளுத் துவையலை முடித்துவிடலாம். 3 டேபிள்ஸ்பூன் எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுத்து எடுக்கவும். 5 மிளகாய் வத்தலையும் வறுத்து, சிறு நெல்லிக்காய் அளவு புளி, 2 பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் போதும்.

இனி தட்டுகள்.

சின்னவளுக்கு: சூடான சோற்றைக் குழைத்து, நெய் விட்டு, மேலே அப்பளத்தை நொறுக்கிப் போட்டால் தட்டு காலி.

பெரியவனுக்கு: நல்லெண்ணெயும் துவையலும் தாராளமாக. அசைவ வீடு என்றால் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு இதற்கு நல்ல ஜோடி.

தாத்தாவுக்கு: ஒரு கரண்டி சோறு, அதைவிடக் கூடுதலாக அவரைக்காய்ப் பொரியல். அளவு மட்டும் டாக்டர் சொன்னபடி. அரிசியில் பாதிக்குக் குதிரைவாலியும் போடலாம். விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் விளைகிற தானியம்தானே! பல் இல்லாத பாட்டிக்கு வெந்நீர் விட்டுக் கடைந்தால் கஞ்சி.

ஒன்பது மணிக்கு வருபவருக்கு: உளுந்தஞ்சோறு ஆறினால் இறுகிவிடும். அரை டம்ளர் வெந்நீர் தெளித்து, மூடிவைத்துச் சிறு தீயில் 3 நிமிடம் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.

புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் மலைக்குப் போய் வருகிற வீடுகளில் பூண்டு சேர்க்க மாட்டார்கள். அன்றைக்குப் பூண்டை விட்டுவிட்டு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் கொஞ்சம் கூடுதல் பெருங்காயமும் சேர்க்கலாம். வாசம் வேறு மாதிரி இருக்கும், ருசி குறையாது.

ஏழரை மணிக்குள் அடுப்பு அணைந்துவிடும். கழுவ வேண்டியது ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு மிக்ஸி ஜார். சமைத்தவருக்கும் சேர்த்தே தட்டு வையுங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர், எல்லோரோடும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும்.